ஃபிளாண்டர்ஸ் பொற்காசுகள்: மாடத்தில் அமர்ந்த சிங்கம்

ஃபிளாண்டர்ஸ் பொற்காசுகள் என்பவை 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் வடகடலோரப் பகுதியான ஃபிளாண்டர்ஸை ஆண்ட பிரபுக்கள் வெளியிட்ட தங்க நாணயங்கள். ஃபிளாண்டர்ஸ் என்பது இன்றைய பெல்ஜியத்தின் மேற்குப் பகுதியையும் அதை ஒட்டிய பிரான்ஸ், நெதர்லாந்து நிலங்களையும் உள்ளடக்கியது. கோதிக் கட்டடக்கலையின் கூர்வளைவுகளையும் விதானங்களையும் சிறுகோபுரங்களையும் இதழ் வேலைகளையும் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள தங்கத் தகட்டில் கொண்டுவந்தவை என்பதால் இவை நாணயவியலில் தனி இடம் பெறுகின்றன. 1346 முதல் 1384 வரை ஆண்ட லூயியின் (லோடெவெய்க் வான் மாலெ) காலத்துக் காசுகள் இவற்றுள் தலைசிறந்தவை. ப்ரூஜ் நகருக்கு அருகிலுள்ள மாலெ கோட்டையில் 1330இல் பிறந்ததால் அவருக்கு அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இக்காசுகளைப் பற்றி இரண்டு வகைத் தீர்ப்புகள் வழக்கில் உள்ளன. இவை பிரெஞ்சு அரசரின் காசுகளைப் பார்த்து அடித்த நகல்கள் என்பது ஒன்று. பேராலயத்தைக் கைக்குள் அடக்கிய கலைப்பொருள்கள் என்பது மற்றொன்று. நகல் என்பவர்கள் அளவையும் எடையையும் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். கலைப்பொருள் என்பவர்கள் பெரிதாக்கிய ஒளிப்படத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். காசு என்பது பிறர் கையில் கொடுத்து ஏற்கச் செய்யவேண்டிய பொருள் என்பதை இருசாராரும் பாதி மறந்துவிடுகிறார்கள். அதைக் கணக்கில் எடுத்தால் அழகு, நகல் ஆகிய இரு சொற்களுமே வேறு பொருள் கொள்கின்றன.

பின்னணி

மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வெள்ளிக்காசே புழங்கியது. 1252இல் ஃபிளாரன்ஸ் நகரம் ஏறத்தாழ 3.5 கிராம் எடையுள்ள ஃபிளாரின் என்னும் பொற்காசை அடித்தது. வெனிஸின் டுகாட் 1284இல் வந்தது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கேரி அரசின் க்ரெம்னிட்சா சுரங்கங்களிலிருந்து பொன் பெருகியபோது வடக்கு நாடுகளும் பொற்காசுக்குத் திரும்பின. பிரான்ஸின் ஆறாம் ஃபிலிப் 1330களில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பொற்காசு வகைகளை வெளியிட்டார். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் 1344இல் கப்பல் உருவம் கொண்ட நோபிள் காசைக் கொண்டுவந்தார்.

ஃபிளாண்டர்ஸின் நிலை இக்கட்டானது. கென்ட், ப்ரூஜ், ஈப்பர் நகரங்களின் நெசவுக்கு இங்கிலாந்தின் கம்பளி வேண்டும். நாட்டின் பெரும்பகுதிக்கு மேலாண்மை உரிமை பிரெஞ்சு அரசருடையது. ஸ்கெல்ட் ஆற்றுக்குக் கிழக்கிலுள்ள சிறு பகுதி ஜெர்மானியப் பேரரசின் கீழ் இருந்தது. லூயியின் தந்தை 1346இல் கிரெஸி போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று இறந்தார். நகரத்தாரோ ஆங்கிலேயருடன் நட்பை விரும்பினர். பதினைந்து வயதில் பட்டத்துக்கு வந்த லூயி, இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே எவர் பக்கமும் முழுதாகச் சாயாமல் முப்பத்தெட்டு ஆண்டுகள் காலம் தள்ளினார். அவருடைய காசுகளில் அந்தச் சாமர்த்தியம் அப்படியே பதிந்திருக்கிறது.

இரவல் உருவங்கள்

லூயியின் தொடக்ககாலப் பொற்காசுகள் அனைத்தும் இரவல். ஆறாம் ஃபிலிப் 1337இல் வெளியிட்ட எக்யூ காசில் அரசர் கோதிக் அரியணையில் வாளும் கேடயமும் ஏந்தி அமர்ந்திருப்பார். ஒரு மார்க் பொன்னுக்கு (சுமார் 244.75 கிராம்) 54 காசுகள் என அடிக்கப்பட்டது அது. லூயியின் அரியணைக் காசு இந்த அமைப்பை எடுத்துக்கொண்டு அரசர் இருந்த இடத்தில் பிரபுவை உட்கார வைத்தது. இரண்டாம் ஜான் 1355இல் கொடியேந்திய ஆட்டுக்குட்டி உருவத்துடன் முத்தோன் காசை வெளியிட்டதும் ஃபிளாண்டர்ஸிலும் ஆட்டுக்குட்டி வந்தது. ஆட்டின் காலடியில் அரசர் பெயரின் சுருக்கம் இருந்த இடத்தில் லூயி பெயரின் சுருக்கம் இடம்பெற்றது.

மூன்றாவது இரவல் இன்னும் துணிச்சலானது. 1356இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட ஜான், மீட்புத்தொகைக்கு ஒப்புக்கொண்டு விடுதலையானதும் 1360 டிசம்பரில் ஃபிராங்க் காசை அறிவித்தார். மார்க்குக்கு 63 காசுகள், அதாவது ஒன்று சுமார் 3.88 கிராம். வாளை ஓங்கிக் குதிரையில் பாயும் அரசர் அதன் உருவம். தோற்றுச் சிறைப்பட்ட ஒருவர் போர்க்களத்தில் பாய்வதாகக் காட்டும் காசு அது என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1361 முதல் லூயி அதே குதிரைவீரரை அடித்தார். ஒரே ஒரு மாற்றம்தான் கண்ணில் படும். குதிரையின் கால்களுக்குக் கீழே கோடு கிழித்து 'ஃபிளாந்த்ரெ' என்று நாட்டின் பெயர் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டது.

இதைக் கள்ள நகல் என்பது தவறு. கள்ள நகல் தன் ஊரை மறைக்கும். இதுவோ ஊர்ப்பெயரைக் காசின் அடியில் பலகைபோல எழுதி மாட்டுகிறது. ப்ரூஜ் சந்தைக்கு வரும் இத்தாலிய, ஜெர்மானிய, ஆங்கில வணிகர் எழுத்தைப் படிப்பதற்கு முன் உருவத்தைப் பார்ப்பர். பழகிய உருவம் தெரிந்தால் கை தானாக நீளும். பிறகு எழுத்தைப் பார்ப்பர். கை நீண்டபின் படிக்கவேண்டிய இடத்தில் லூயி தன் பெயரை வைத்தார். விளிம்பில் 'கடவுள் அருளால்' என்ற லத்தீன் தொடரையும் சேர்த்தார். பேரரசர்களும் அரசர்களும் தமக்குரியதாகக் கொண்ட தொடர் அது. அரசருக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிரபு, அரசருடைய குதிரையிலேயே ஏறி, தன் ஆட்சிக்குக் கடவுளே நேர்ச் சாட்சி என்று சொல்கிறார். ஓலை எழுதிச் சொல்லியிருந்தால் வழக்காகியிருக்கும். காசில் அடித்ததால் செலவாணியானது.

தலைக்கவசச் சிங்கம்

1365 முதல் 1367 வரை அடிக்கப்பட்ட 'தலைக்கவசச் சிங்கம்' லூயியின் காசுகளில் உச்சம். இரவல் இங்கே முற்றிலும் மறையவில்லை. ஆனால் எடுத்ததைத் திருப்பிப்போடும் முறை மாறியிருக்கிறது.

காசின் முகப்பில் மூன்று பக்கமும் கட்டடம். இருபுறமும் மெலிந்த தூண்கள், அவற்றின்மேல் அடுக்கடுக்காகச் சிறுகோபுரங்கள், நடுவில் கூர்வளைவுகள் கொண்ட விதானம். ஆலய முகப்பில் புனிதரின் சிலைக்கு அமைக்கும் மாடம் இது. அதற்குள் புனிதரும் இல்லை, பிரபுவும் இல்லை. வீரர் அணியும் பெரிய இரும்புத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு சிங்கம் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. கீழே வழக்கம்போல நாட்டின் பெயர். பின்புறத்தில் இலையும் பூவுமாக விரியும் சிலுவை. அதன் விளிம்பில் ஆண்டவர் பெயரால் வருபவரைப் போற்றும் விவிலியத் தொடர் லத்தீனில் ஓடுகிறது. முன்புற விளிம்பில் லூயியின் பெயர் இருக்க, பின்புறத்தில் இந்த வரவேற்பு. காசைப் புரட்டுபவருக்கு வருபவர் யார் என்பதில் கொஞ்சம் குழப்பம் ஏற்படட்டும் என்பதே நோக்கம் போலும்.

(பூவா தலையா போடுவோருக்கு இந்தக் காசு உதவும். ஒரு பக்கம் மெய்யாகவே பூ. மறுபக்கத்தில் தலை இருந்தாலும் அது கவசத்துக்குள் இருக்கிறது.)

கவசமணிந்த சிங்கம் முதல் பார்வைக்குச் சிரிப்பூட்டும். அக்காலத்தவருக்கு அப்படித் தோன்றியிருக்காது. பிரபுக்களின் மெழுகு முத்திரைகளிலும் தலைக்கவசம் அணிந்து கேடயம் தாங்கும் விலங்குகள் உண்டு. ஃபிளாண்டர்ஸின் குலச்சின்னம் பொன் புலத்தில் கருஞ்சிங்கம். துணியிலும் சுவரிலும் அந்தப் பொன்னிறத்தைத் தீட்டிக் காட்டவேண்டும். பொற்காசில் அது உலோகமாகவே கிடைத்துவிடுகிறது. சின்னமும் செய்பொருளும் இவ்வளவு இயல்பாக ஒன்றிய காசுகள் குறைவு. வெள்ளியில் அடித்திருந்தால் இதே சிங்கம் பாதி உயிரை இழந்திருக்கும்.

இந்தக் காசின் உள்ளர்த்தம் விளங்க, அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சுக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைக்கவேண்டும். 1338 இறுதியில் ஆறாம் ஃபிலிப் 'பொற்சிங்கம்' என்ற காசை வெளியிட்டார். கோதிக் விதானத்தின்கீழ் அரசர் செங்கோலுடன் அமர்ந்திருக்கிறார். அவருடைய பாதங்கள் படுத்திருக்கும் ஒரு சிங்கத்தின்மேல் பதிந்திருக்கின்றன. கல்லறைச் சிற்பங்களில் காலடியில் சிங்கத்தை வைப்பது பொதுவழக்கு என்பதால் இதற்கு அரசியல் பொருள் இல்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கென்ட் நகரில் யாக்கோப் வான் ஆர்ட்டவெல்டெயின் தலைமையில் மக்கள் எழுந்து பிரெஞ்சுச் சார்பைக் கைவிட்டிருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்துடன் போர் மூண்டிருந்தது. சிங்கம் எவருடையது என்று அந்த ஆண்டில் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது நம்பக்கூடியதாக இல்லை.

லூயியின் காசில் அதே விதானம் இருக்கிறது, அதே சிங்கம் இருக்கிறது. நடுவிலிருந்த அரசர் மட்டும் இல்லை. காலடியில் கிடந்தது எழுந்து கவசம் மாட்டி ஆசனத்தில் அமர்ந்துவிட்டது. அச்சு செதுக்கியவர் அந்தப் பழைய காசை மனத்தில் வைத்துத்தான் செய்தாரா என்பது முக்கியமன்று. இரண்டு காசுகளையும் ஒரே மேசையில் எண்ணிய பணம் மாற்றுவோர் அக்காலத்தில் இருந்தனர். ப்ரூஜ் நகரின் பணம் மாற்றுநரான கொல்லார் த மார்க் என்பவரின் 1366 முதல் 1369 வரையிலான கணக்கேடுகள் இன்றும் எஞ்சியுள்ளன. ரேமண்ட் த ரூவர் 1948இல் வெளியிட்ட இடைக்கால ப்ரூஜ் வங்கித்தொழில் பற்றிய நூலுக்கு அவை அடிப்படை ஆவணங்கள். தலைக்கவசச் சிங்கம் புதிதாகப் புழங்கிய ஆண்டுகள் அவை.

மாடத்தில் அரசரை வைக்காமல் சின்னத்தை வைத்ததால் இன்னொரு பயனும் உண்டு. பிரபு தன்னை அரசராகக் காட்டிக்கொண்டார் என்று எவரும் குற்றம் சாட்ட முடியாது. உட்கார்ந்திருப்பது நாடு, ஆள் அல்ல. கல்லிலும் வண்ணத்திலும் லூயி அவ்வளவு அடக்கம் காட்டவில்லை. கோர்ட்ரெய்க் நகரின் மாதா ஆலயத்தில் 1370ஐ ஒட்டித் தன் கல்லறைக்காக அவர் கட்டிய சிற்றாலயத்தின் சுவர் மாடங்களில் ஃபிளாண்டர்ஸ் பிரபுக்களின் உருவங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டன. 1376இல் அவர் அடிக்கல் நாட்டிய ப்ரூஜ் நகர மன்றத்தின் முகப்பு முழுவதும் விதானமிட்ட மாடங்கள், மாடங்களில் பிரபுக்களின் சிலைகள். கட்டடத்தில் பிரபுக்கள் நிற்கும் அதே மாடத்தில் காசில் சிங்கம் உட்கார்கிறது. சொந்த ஊர்ச் சுவரில் சொல்லக்கூடியது வேறு, அந்நியர் பணப்பையில் சொல்லக்கூடியது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உளியும் கட்டடமும்

கோதிக் அலங்காரம் காசுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்குச் செய்முறையில் விடை இருக்கிறது. அக்காலத்தில் காசு சம்மட்டியால் அடிக்கப்பட்டது. அடி அச்சு மரக்கட்டையில் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் வெறுந்தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அடிபட்டுத் தேயும் அச்சுகளை அடிக்கடி புதிதாகச் செய்யவேண்டும். ஒவ்வொரு முறையும் முழு உருவத்தையும் கையால் செதுக்க நேரமிராது. ஆகவே நுனியில் சிறு உருக்கள் கொண்ட எஃகு உளிகளை அச்சுத் தொழிலாளர் வைத்திருந்தனர். ஒன்றில் நேர்கோடு, ஒன்றில் வளைவு, ஒன்றில் மூவிதழ், ஒன்றில் புள்ளி. இவற்றை மாற்றி மாற்றித் தட்டி அச்சை நிரப்புவர். எழுத்துகளும் அப்படியே. தண்டு ஓர் உளி, வயிறு மற்றோர் உளி.

கோதிக் கட்டடமும் இப்படிச் சேர்த்துக் கட்டியதுதான். சாளரத்தின் கல்வலை என்பது வட்டவில்லும் இதழும் திரும்பத் திரும்ப வருவது. பெரிய வளைவுக்குள் சிறிய வளைவு, அதற்குள் இன்னும் சிறியது. கல்தச்சரின் கவராயம் செய்ததை இங்கே ஐந்தாறு உளிகள் செய்தன. மனித முகத்தை இந்த முறையில் கொண்டுவருவது கடினம். அரியணைக் காசுகளில் பிரபுவின் முகம் பெரும்பாலும் இரு புள்ளியும் ஒரு கோடுமாக நின்றுவிடுகிறது. தலைக்கவசமோ கோடுகளால் ஆனது. சிங்கத்துக்குக் கவசம் மாட்டியதில் அரசியல் எவ்வளவோ, அச்சுப் பட்டறையின் வசதியும் அவ்வளவு என்று சொன்னால் தவறாகாது.

பேராலயத்தைச் சுருக்கிய வடிவம் என்ற பாராட்டு இந்த இடத்தில் தடுமாறுகிறது. பேராலயத்தின் பெருமை உயரத்திலும் ஒளியிலும் இருக்கிறது. காசு தட்டையானது, அதற்கு உள்வெளி கிடையாது. மெல்லிய, அகன்ற தகடு என்பதால் உருவம் மேலெழும்பவும் வழியில்லை. பழைய கிரேக்கக் காசின் புடைப்பு இதில் கிடையாது. கட்டடத்திலிருந்து காசுக்கு வந்தது சட்டகம் மட்டுமே. உள்ளே இருப்பது வணக்கத்துக்கு உரியது என்று சொல்லாமல் சொல்லும் சட்டகம் அது. தந்தப் பலகைகளிலும், புனிதப்பொருள் பேழைகளிலும், வழிபாட்டு நூல்களின் ஓவியங்களிலும் அதே சட்டகத்தைக் கண்டு பழகியவர்கள் அக்காலத்து மக்கள். அந்தப் பழக்கத்தைக் காசு கடன் வாங்கியது. நல்ல படிகளில் சிறுகோபுரங்களின் நுனிகள் உள்வட்டத்தைத் தாண்டி எழுத்து வரிசைக்குள் நுழைந்து நிற்கும். கட்டடம் தன் எல்லைக்குள் அடங்காததுபோல ஒரு தோற்றம் அதனால் உண்டாகிறது. இத்தகைய இடங்களில்தான் செதுக்கியவரின் கை தெரிகிறது, முழு அமைப்பில் அன்று.

அழகும் அச்சுக்கூலியும்

இவ்வளவு அழகான காசுகள் ஏன் இவ்வளவு விரைவாக மாறின? குதிரைவீரர் 1361 முதல் 1364 வரை. தலைக்கவசச் சிங்கம் 1365 முதல் 1367 வரை. அடுத்த பெரிய காசான 'பழைய தலைக்கவசம்' 1367, 1368இல். ஏழெட்டு ஆண்டுகளில் மூன்று வடிவங்கள். கலையார்வம் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

பொன் வைத்திருக்கும் வணிகர் அதை அக்கசாலைக்குக் கொண்டுவந்தால், செய்கூலியும் பிரபுவின் பங்கும் கழித்து மீதி காசாகக் கிடைக்கும். பிரபுவின் வருமானம் எவ்வளவு பொன் அச்சுக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. இருக்கிற காசு நன்றாகப் புழங்கினால் அதை உருக்க எவரும் கொண்டுவரமாட்டார்கள். புதுக்காசை வெளியிட்டு, அதன் மதிப்பைச் சற்று உயர்த்தி அறிவித்து, பழையதைச் செல்லாதது என்றோ மதிப்புக் குறைந்தது என்றோ சொன்னால் பொன் மீண்டும் அக்கசாலைக்கு வரும். ஒவ்வொரு வருகைக்கும் பிரபுவுக்கு ஒரு பங்கு. தடைசெய்த காசுகளை அக்கசாலைக்கு அனுப்பும் கடமை பணம் மாற்றுவோருக்கு இருந்தது. வடிவ மாற்றம் இந்தச் சக்கரத்தைச் சுற்றும் கைப்பிடி. புதுக்காசு பழையதிலிருந்து தொலைவிலிருந்தே வேறாகத் தெரியவேண்டும், பழையதைவிடப் பெருமதிப்பு உள்ளதாகவும் தோன்றவேண்டும். விதானமும் கோபுரமும் அந்த வேலையைச் செய்தன.

லூயியின் நாணயக் கொள்கையைத் தனியே ஆராய்ந்தவர் பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஹான்ஸ் வான் வெர்வெகெ. 1949இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இந்த ஆட்சியை இடைக்கால நாணயச் சூழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. வருமானமே முதன்மை நோக்கம் என்பது அதன் முடிவு. இதற்கு மாற்றாக, அண்டை நாடுகள் காசைத் தாழ்த்தும்போது தாழ்த்தாத நாட்டின் நல்ல உலோகம் வெளியேறிவிடும், ஆகவே இது தற்காப்பு என்ற வாதமும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தற்காப்புக்கு இத்தனை முறை மாற்றம் தேவையில்லை.

பொற்காசு நெசவாளரின் கைக்கு வருவது அரிது. அவருடைய கூலி வெள்ளிக் க்ரோட்டிலும் அதைவிடச் சிறிய கலப்புக் காசுகளிலும் கொடுக்கப்பட்டது. பொன்னின் மதிப்பை உயர்த்தும்போதும் வெள்ளியின் மாற்றைக் குறைக்கும்போதும் துணியை வெளிநாட்டுக்கு விற்பவர் பொன்னில் வாங்குகிறார், நெய்பவர் தேய்ந்த வெள்ளியில் வாங்குகிறார். ரொட்டி விலை சில மாதங்களில் ஏறும். கூலி ஏறப் பல மாதங்கள் ஆகும். சில வேளைகளில் கலகம் தேவைப்படும். 1379இல் கென்ட் எழுந்தது. அதன் உடனடிக் காரணம் ப்ரூஜ் நகரத்தார் வெட்டிய கால்வாய். நாணயத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது மிகை. ஆனால் 1382 மே மாதம் பேவர்ஹவுட்ஸ்வெல்டில் கென்ட் படையிடம் தோற்ற லூயி, ப்ரூஜிலிருந்து தப்பி ஓடவேண்டி வந்தபோது அவர்மீதிருந்த கோபத்தில் காசுக்கும் பங்கு இருந்திருக்கும். அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சுப் படை வந்து ரோசெபெகெயில் கென்ட் மக்களை முறியடித்துத்தான் அவருக்கு நாட்டை மீட்டுத் தந்தது. அரசரை மாடத்திலிருந்து எழுப்பிவிட்ட சிங்கம் கடைசியில் அரசரின் படையால் பிழைத்தது.

பர்கண்டியர் காலம்

லூயிக்கு முறைப்படி ஒரே வாரிசு மகள் மார்கரெட். 1369இல் அவர் பர்கண்டி டியூக் ஃபிலிப்பை (துணிவுள்ளவர் என அழைக்கப்பட்டவர்) மணந்தார். 1384இல் லூயி இறந்ததும் ஃபிளாண்டர்ஸ் பர்கண்டியர் கைக்குச் சென்றது. ஃபிலிப் மாமனாரின் உத்தியைக் கைவிடவில்லை, இலக்கை மட்டும் மாற்றினார். 1388 முதல் அவர் ஆங்கிலேயரின் நோபிளை அடித்தார். கப்பல், அதில் வாளேந்தி நிற்கும் ஆட்சியாளர், அலைகள் எல்லாம் அப்படியே. பொன் மட்டும் சற்றுக் குறைவு. இவை இங்கிலாந்துக்குள் புகுந்து, நூறு ஷில்லிங் வாங்கினால் அதில் மூன்று நான்கு ஃபிளாண்டர்ஸ் நோபிள்கள் இருக்கும் நிலை வந்ததாக 1401இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் முறையீடு எழுந்தது. எண்பது பென்ஸ் மதிப்புள்ள காசில் ஒவ்வொன்றும் இரண்டு பென்ஸ் குறைவு என்பது குற்றச்சாட்டு.

குதிரைவீரர் காசு போன்றதல்ல இது. அதில் காசு தன் ஊரை உரக்கச் சொன்னது. நோபிளில் ஊர்ப்பெயர் விளிம்பெழுத்தில் ஒடுங்கிவிடுகிறது. முன்னது போட்டி, பின்னது ஏமாற்று. நாணயவியல் நூல்கள் இரண்டையும் 'போலச் செய்தல்' என்ற ஒரே தலைப்பில் அடக்குவது பொருத்தமன்று.

அவருடைய பேரன் நல்லவர் ஃபிலிப் காலத்தில் நிலைமை தலைகீழானது. பிரபாந்து, ஹாலந்து, ஹெய்னோ ஆகியவையும் அவருக்குக் கீழ் வந்தபின், ஒரே ஆட்சியாளரின் அக்கசாலைகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதில் பொருளில்லை. 1433ஆம் ஆண்டு ஆணையால் நான்கு நாடுகளுக்கும் பொதுவான நாணயம் வந்தது. அதன் பொற்காசு 'ரெய்டர்', குதிரைவீரர். சுமார் 3.6 கிராம், உயர்ந்த மாற்று. நகரங்கள் நெடுநாள் கேட்டுவந்த நிலையான காசு இது. முப்பதாண்டுகளுக்கு மேல் இந்த ஒழுங்கு பெரிய குலைவின்றி நின்றது.

காசாக இது லூயியின் எல்லாக் காசுகளையும்விட நேர்மையானது. வடிவமாக அவற்றில் பலவற்றைவிடச் சப்பையானது. குதிரை பாய்கிறது, வீரர் வாளை ஓங்குகிறார், ஆனால் நான்கு நாட்டுக்கும் ஒரே குதிரை. அடியில் உள்ள நாட்டின் பெயர்ச் சுருக்கம் மட்டும் மாறும். எவரையும் புதிதாக நம்பவைக்க வேண்டிய தேவை இல்லாதபோது அச்சு செதுக்குபவருக்கும் அவசரம் இல்லை. 1454இல் வந்த 'பொற்சிங்கம்' காசில் கோதிக் விதானமும் சிங்கமும் மீண்டும் தோன்றுகின்றன. எடை ஏறத்தாழ 4.2 கிராம். சிங்கத்தின் இருபுறமும் சிக்கிமுக்கி இரும்புகள். அவை பொன் ஆட்டுத்தோல் வீரர்குழுவின் சின்னங்கள். 1430இல் ப்ரூஜில் ஃபிலிப் நிறுவிய குழு அது. விதானத்தின் கோடுகள் சுத்தமாக இருக்கின்றன, இடைவெளிகள் சமமாக இருக்கின்றன. தலைக்கவசம் காணாமற்போய்விட்டது. முந்தைய சிங்கம் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. இது ஆசனத்தில் வைக்கப்பட்டதுபோல இருக்கிறது.

விமர்சனப் பார்வைகள்

பர்கண்டியர் காலப் பண்பாட்டைப் பற்றி டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹொய்சிங்கா 1919இல் எழுதிய 'இடைக்காலத்தின் இலையுதிர்காலம்' நூலின் தாக்கம் இக்காசுகளைப் பார்க்கும் முறையிலும் உண்டு. வடிவம் பெருகிப் பொருளை மூடிவிட்ட முதுமைக்காலம் என்பது அந்நூல் தரும் சித்திரம். தலைக்கவசச் சிங்கத்தின் நெருக்கமான வேலைப்பாட்டை இதற்குச் சான்றாகக் காட்டும் ஆசை எழுவது இயல்பு. காசின் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. வேலைப்பாடு மிகுந்த காசு 1360களில், அரசியல் நெருக்கடியின் நடுவில், தெளிவான நோக்கத்துடன் வந்தது. ஹொய்சிங்கா விவரிக்கும் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காசு எளிமையை நோக்கியே நகர்ந்தது. 1466இல் வந்த ஆண்ட்ரூ குல்டனில் மாடமே இல்லை. புனித ஆண்ட்ரூ தம் சாய்ந்த சிலுவையுடன் வெற்றுப் புலத்தில் நிற்கிறார்.

ஏலப் பட்டியல்கள் வளர்த்த மற்றொரு பார்வை, படியின் நிலையையும் அரிய தன்மையையும் கொண்டு காசை வரிசைப்படுத்துவது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விற்பனைக்கு அது வேண்டும். ஆனால் முகப்பின் படம் மட்டும் பெரிதாக அச்சாகி, பின்புறச் சிலுவை தபால்தலை அளவுக்குச் சுருங்கும்போது காசைப் புரட்டிப் படிக்கும் வழக்கம் போய்விடுகிறது. லூயியின் காசுகளில் பெயர் ஒருபுறமும் அதற்கான ஆசி மறுபுறமும் இருக்கின்றன. விளிம்பெழுத்து லத்தீனில், நாட்டின் பெயர் பிரெஞ்சில். அந்நாட்டு நெசவாளர் பேசிய டச்சு மொழியில் அந்தக் காசில் ஒரு சொல்லும் இல்லை. எவரிடம் கொடுப்பதற்காக அடித்த காசு அது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

ப்ரூஜ் நகர மன்றத்தின் முகப்பிலிருந்த பிரபுக்களின் பழைய சிலைகள் 1792இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையினர் காலத்தில் உடைக்கப்பட்டன. இன்று மாடங்களில் நிற்பவை பிற்காலத்தவை.